தெரிந்தே சொன்ன பொய்

‘சுற்று’ என்ற தமிழ்ச் சொல்லிலிருந்துதான் ஆங்கிலத்தின் ‘சர்க்கிள்’ பிறந்தது என்று வகுப்பிலும் இலக்கிய மன்றக் கூட்டங்களிலும் பல ஆண்டுகள் சொல்லிவந்தேன். அது உண்மையல்ல. உண்மையல்ல என்று தெரிந்த பிறகும் சொன்னேன்.

முதலில் நானும் நம்பித்தான் சொன்னேன். சுற்று, சுருள், சுழல், சர்க்கிள் என்று அடுக்கினால் எல்லாம் ஒரே குடும்பம் என்றுதான் காதுக்குத் தோன்றும். பிறகு ஒருநாள் நூலகத்தில் ஆங்கில அகராதியைப் புரட்டினேன். சர்க்கிள் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். லத்தீனில் அது ‘கிர்க்குலுஸ்’. அதற்கும் பின்னால் வளையத்தைக் குறிக்கும் ‘கிர்க்கோஸ்’ என்ற கிரேக்கச் சொல் நிற்கிறது. அதாவது தொடக்கத்தில் அங்கே இருந்தது ககரம். அந்த ஒலி பிரெஞ்சுக்குப் போகும் வழியில்தான் சகரமாகத் திரிந்தது. நான் உறவு கொண்டாடிய அந்த ‘ச’ பிற்காலத்தில் வந்து ஒட்டியது. அந்தப் பக்கத்தைப் படித்த பிறகு வாதாட எதுவும் மிச்சமில்லை.

மறுநாளே வகுப்பில் திருத்தியிருக்க வேண்டும். செய்யவில்லை. அந்த இடம் வந்தால் கடைசி பெஞ்சுப் பையனும் நிமிர்ந்து உட்காருவான். மேடை என்றால் கைதட்டல் நிச்சயம். அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

இத்தனைக்கும் சொல்வதற்கு உண்மையான கதை கையிலேயே இருந்தது. பொருளில் சுற்றுக்கு மிக நெருங்கிய சொல் சுருட்டு. போர்த்துக்கீசியர் புகையிலையைக் கொண்டுவந்த பிறகு, அந்த இலையைச் சுருட்டிப் புகைத்த நம் ஆட்கள் அதற்குச் சுருட்டு என்றே பெயர் வைத்தார்கள். சரக்கு கப்பலேறியது, பெயரும் கூடவே ஏறியது. ஆங்கிலத்தில் ‘செரூட்’ ஆயிற்று. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியில் இது தமிழ்ச் சொல் என்றே பதிவாகியிருக்கிறது. அடுத்த ஆண்டு வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில், சாம்பலைப் பார்த்தே திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுபிடிக்கிறார். கட்டுமரத்துக்கும் இப்படி ஒரு தடம் உண்டு. யார் கொண்டுபோனார்கள், எந்தக் கரையிலிருந்து என்று இந்தச் சொற்களுக்குக் காட்ட முடியும். சர்க்கிளுக்கு என்னிடம் இருந்தது ஓசை மட்டும்.

சுற்றின் உண்மையான உறவுகளையும் நான் பிள்ளைகளுக்குக் காட்டவில்லை. தெலுங்கில் அது ‘சுட்டு’, கன்னடத்தில் ‘சுத்து’. இது தற்செயல் ஒற்றுமை இல்லை. நம் புற்று தெலுங்கில் ‘புட்ட’, கன்னடத்தில் ‘ஹுத்த’. ஒரு சொல்லில் நடந்த ஒலிமாற்றம் அடுத்த சொல்லிலும் அதே ஒழுங்கில் நடக்கிறது. உறவு என்று சொல்ல அடிப்படை இதுதான். தமிழில் சொந்தக்காரர்களுக்குச் சுற்றம் என்று பெயர். திருக்குறளின் 53ஆம் அதிகாரம் சுற்றந்தழால். தெலுங்கிலும் உறவினர் ‘சுட்டம்’தான், சுருட்டு ‘சுட்ட’. நம்மைச் சுற்றி நிற்கும் மனிதருக்கும் சுற்றி வைத்த இலைக்கும் அங்கே ஒரே வேர். இதைவிட அழகான செய்தி எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. இதை விட்டுவிட்டு லத்தீன் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

கைமுறுக்கு சுற்றுகிறவர்களின் விரலைப் பார்த்திருப்பீர்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாவை முறுக்கிக்கொண்டே, விரித்த துணியின்மேல் வட்டத்துக்கு வெளியே வட்டமாக இட்டுப் போகும். கல்யாண வீட்டுக்காரரிடம் “அஞ்சு சுத்தா, ஏழு சுத்தா?” என்று கேட்பார்கள். கோயில் பிராகாரமும் சுற்றுதான், ஓட்டு எண்ணுவதும் சுற்றுக் கணக்கில்தான், விரல் நுனி வீங்கினால் நகச்சுற்று, கண் பட்டால் சுற்றிப் போடுவது. இந்தச் சொல் தமிழர் வாயில் ஒருநாளும் ஓய்ந்ததில்லை. அது போதாது, ஆங்கிலத்துக்குத் தாய் என்று காட்டினால்தான் பெருமை என்று வாய்விட்டுச் சொல்லாமலே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். தமிழை வேறொரு மொழியின் தராசில் நிறுத்தவன் நான். இதை நினைக்கும்போதுதான் அதிகம் வெட்கப்படுகிறேன்.

என்னிடம் படித்த ஒரு மாணவி கல்லூரிக் கருத்தரங்கில் இதை அப்படியே பேசியிருக்கிறாள். சான்று கேட்டிருக்கிறார்கள். ஊருக்கு வந்தபோது, “ஐயா, எந்தப் புத்தகத்துல இருக்குன்னு மட்டும் சொல்லுங்க, கொண்டுபோய்க் காட்டிடுறேன்” என்றாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல தருணம் கிடைக்காது. நான் சொன்னது: “அவங்களுக்குத் தமிழ்மேல பொறாமைம்மா.” நியாயமாகக் கேட்டவர்களின் மேல் பழியைப் போட்டேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். முழுதாக நம்பினாள் என்பது முகத்தில் தெரிந்தது.

அவளுக்கு இப்போது எல்லாவற்றையும் விளக்கிக் கடிதம் எழுதிவிட்டேன். மற்றவர்களின் முகவரி என்னிடம் இல்லை. இதைப் படிக்கிற யாராவது என் வகுப்பில் இருந்திருந்தால், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனவை என்று நான் பழைய நோட்டில் எழுதவைத்த சொற்பட்டியலில் ‘சர்க்கிள்’ இருக்கும் வரியை அடித்துவிடுங்கள். சுருட்டும் கட்டுமரமும் இருக்கட்டும். அந்தப் பட்டியலில் மிச்சமுள்ள சொற்களை என் பேச்சை நம்பி வைத்திருக்க வேண்டாம். நல்ல அகராதியில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். நானும் அந்த வேலையைத் தொடங்கியிருக்கிறேன்.