ஸ்வீட் பீ: ஒரு திருத்தம்

ஆறு வருஷங்களுக்கு முன் ஒரு சிறு பத்திரிகையில், நண்பர் ஒருவரின் முதல் கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். அதில் ஒரு கவிதை கொல்லைப்புறத்துப் பீர்க்கங்கொடியைப் பற்றியது. கொடியின் பற்றுக்கம்பி துணி காயப்போடும் கயிற்றை விரல் மாதிரிப் பிடித்துக்கொள்வதாக அதில் வரும். 'விரல் கீட்ஸுடையது, பீர்க்கு மட்டும்தான் இவருடையது' என்று எழுதினேன். எழுதிய அன்று இந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நண்பர் தமிழாசிரியர், கீட்ஸைப் படித்தவரில்லை. பதில் ஏதும் எழுதவில்லை. அதற்குப் பிறகு அவர் கவிதையே எழுதவில்லை என்று கேள்வி. என் மதிப்புரைதான் காரணம் என்று நினைத்துக்கொள்வது விமர்சகனின் இன்னொரு கர்வம். இருந்தாலும் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

கீட்ஸ் 1817இல் வெளியிட்ட முதல் தொகுப்பில் ஸ்வீட் பீ வருகிறது. பி.ஏ.வில் அந்தப் பகுதிக்கு நான் எழுதிய விடையை வகுப்பில் படித்துக் காட்டினார்கள். ஸ்வீட் பீ எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. படித்துக் காட்டியவருக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். மார்க்குக்கு அது தேவைப்படவில்லை.

மூன்று வருஷங்களுக்கு முன் குன்னூர்க் கிளைக்கு மாற்றலாகி வந்தேன். வாடகை வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்கு ஆறடி மண் இருந்தது. ஊட்டியில் ஒரு விதைக் கடையில் 'ஸ்வீட் பீ' என்று போட்ட பாக்கெட்டைப் பார்த்தபோது, பழைய கடன்காரன் எதிரே வந்து நின்ற மாதிரி இருந்தது. வாங்கினேன். இருபது விதை. மிளகைவிடச் சற்றுப் பெரிசாக, கறுப்பும் பழுப்புமாக.

"என்னங்க, இது பட்டாணிதானே? குருமாவுக்கு ஆகுமா?" என்றாள் மனைவி. ஆகாது. விதையில் விஷம் உண்டு. கேசரிப் பருப்பும் இதே லத்தைரஸ் ஜாதிதான்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் பழைய தோட்டக்காரர். விதையை ராத்திரி தண்ணீரில் போடச் சொன்னார். காலையில் சில உப்பியிருந்தன, சில போட்டபடியே கிடந்தன. "ஊறாததுல பிளேடால ஒரு கீறு கீறுங்க சார். கண்ணுல மட்டும் பட்டுடக் கூடாது" என்றார். தோல் அவ்வளவு கெட்டி. இந்த மலை மண்ணில் புளிப்பு அதிகம் என்று சுண்ணாம்பும் மக்கிய சாணமும் கலக்கச் சொன்னார். ஐப்பசி கார்த்திகை மழையெல்லாம் ஓய்ந்து ஜனவரியில் விதைத்தேன். இரண்டு வாரத்தில் பதின்மூன்று முளைத்தன. நான்கைந்து ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிடச் சொன்னார். கிள்ளினால்தான் பக்கக் கிளை விடுமாம். எனக்குக் கை வரவில்லை. பிறத்தியார் கவிதையில் கிள்ளியிருக்கிறேன், செடியில் பழக்கமில்லை. அவரே வந்து கிள்ளிவிட்டுப் போனார். ஒரு ராத்திரி காட்டெருமை வேலியை மிதித்துக்கொண்டு உள்ளே வந்தது. மிஞ்சியவை ஒன்பது.

இந்தச் செடிக்கு இலையின் நுனியே கம்பியாக நீண்டிருக்கிறது. நான் நட்டிருந்த தடித்த கம்பத்தை அது தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. கற்பூர மரத்துச் சுள்ளிகளைச் செருகிச் சணல் கட்டினேன். மறுநாள் காலை ஆபீசுக்குக் கிளம்புமுன் பார்க்கையில் சணலில் ஒரு சுற்று. சாயந்திரம் இரண்டு. மற்றக் கம்பிகள் பக்கத்துச் செடியை, சுள்ளியை, தங்கள் தண்டையே பிடித்துக்கொண்டிருந்தன. இதைப் பார்க்கிற எவனுக்கும் விரல் என்றுதான் தோன்றும். தோன்றுவதற்குக் கீட்ஸ் வேண்டாம்.

ஏப்ரலில் பூத்தது. கொடியிதழ், சிறகிதழ்கள், படகிதழ் எல்லாம் அம்மா வீட்டு அவரைப் பூவில் இருப்பவைதான், உருவம் மட்டும் பெரிசு. ஓரமெல்லாம் அலை அலையாகச் சுருங்கி, ரவிக்கைக் கை மாதிரி. வாசனை கிட்டப் போனால் லேசாக வந்தது. நான் எதிர்பார்த்தது இவ்வளவில்லை. அப்புறம்தான் தேடிப் படித்தேன். இந்த அலையோரப் பூ இங்கிலாந்தில் ஸ்பென்சர் பிரபுவின் தோட்டத்தில் தோன்றி 1901இல் காட்சிக்கு வந்தது. கீட்ஸ் இறந்தது 1821இல். அவன் பார்த்தது சின்னப் பூவாக, வாசனை மிகுந்ததாக இருந்திருக்க வேண்டும். அதுவும் இங்கிலீஷ் பூ இல்லை. சிசிலியில் குபானி என்ற பாதிரியார் 1699இல் என்ஃபீல்டில் இருந்த யூவ்டேல் என்ற பள்ளி ஆசிரியருக்கு அனுப்பிய விதையிலிருந்து வந்தது. கீட்ஸ் பள்ளியில் படித்ததும் அதே என்ஃபீல்டில்தான். இதில் அர்த்தம் எதுவும் இல்லாமலிருக்கலாம். தெரிந்தபோது சந்தோஷமாக இருந்தது.

கவிதையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஸ்வீட் பீ வரும் அந்த நாலு வரியில் வாசனை பற்றிப் பேச்சே இல்லை. பேரிலேயே வாசனையை வைத்திருக்கும் பூவைச் சொல்லும்போது அவன் நிறத்தையும் சிறகையும் கம்பிகளையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறான். என் பழைய விடைத்தாளில் 'நறுமணம்' என்ற வார்த்தை இரண்டு இடங்களில் இருந்ததாக ஞாபகம்.

அதோடு நண்பரின் தொகுப்பையும் எடுத்தேன். பீர்க்கங்கொடிக் கவிதை கயிற்றைப் பிடிப்பதோடு முடியவில்லை. பிடித்த பிறகு கம்பி சுருள்கிறது, பாதி தூரம் ஒரு பக்கமாகவும் மீதி மறுபக்கமாகவும் என்று போகிறது. இந்த இடத்தை மதிப்புரையில் 'வலிந்து செய்த மயக்கம்' என்று ஒதுக்கியிருந்தேன். கீட்ஸில் இது கிடையாது. என் ஸ்வீட் பீயில் தேடினேன், கண்ணில் படவில்லை. பெரியவர் வீட்டு வேலியில் சௌசௌக் கொடி படர்ந்திருக்கிறது. பீர்க்கு வகையறாதான். போய்ப் பார்த்தேன். கம்பியைப் பிடித்திருந்த ஒவ்வொரு சுருளும் நடுவில் ஓரிடத்தில் நேராகி, அங்கிருந்து எதிர்த் திசையில் சுருண்டிருந்தது. இரண்டு முனையும் கட்டுப்பட்ட பிறகு ஒரே பக்கமாகச் சுருள வழியில்லை என்று டார்வின் விளக்கியிருக்கிறார். காற்று அடிக்கும்போது அந்தச் சுருள் ஸ்பிரிங் மாதிரி நீண்டு கொடுக்கிறது.

"சௌசௌ வேணுமா சார்?" என்று பெரியவர் உள்ளேயிருந்து கேட்டார். வேண்டாம் என்றேன். இரண்டு காய் பறித்துக் கொடுத்தார்.

மதிப்புரையில் அந்தக் கவிதையைப் பற்றி நான் சொன்னவை இரண்டு. விரல் இரவல் என்பது ஒன்று. சுருள் மயக்கம் என்பது மற்றது. இரண்டும் தவறு. நண்பருக்குக் கடிதமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மதிப்புரை வந்தது பத்திரிகையில்.