வாடகைக் காரில் ஒரு நாள் பினாங்கு

திகாம் பத்துவிலிருந்து ஜார்ஜ் டவுனுக்குச் சாலை தெளிவாக இருந்தால் ஒரு மணி நேரப் பயணம்தான். சுங்கைப் பட்டாணி, பீடோங், பாடாங் செராய் பக்கம் இருப்பவர்களுக்குச் சற்றுக் கூடலாம், குறையலாம். இவ்வளவு பக்கத்தில் இருந்தும், நம் தோட்டத்துப் பெரியவர்களிடம் "பினாங்குல என்ன பாத்திருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். தைப்பூசம் பார்த்திருப்பார்கள், பெரிய ஆஸ்பத்திரி பார்த்திருப்பார்கள், ஃபெரியில் ஏறியிருப்பார்கள். அதற்கு மேல் பெரும்பாலும் பதில் வராது. வாரம் ஏழு நாளும் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியவர்களுக்கு நகரம் என்பது வேலையாகப் போய் வேலை முடிந்ததும் திரும்பும் இடம். சும்மா பார்ப்பதற்காக யார் போனது?

இப்போது பிள்ளைகளிடம் கார் இருக்கிறது. "வாங்கம்மா, ஒரு நாள் கூட்டிட்டுப் போறேன்" என்கிறார்கள். கூட்டிக்கொண்டும் போகிறார்கள். ஆனால் காரோட்டும் மகன் என்ன பார்க்கிறான்? வேஸ் காட்டும் வழியையும் முன்னால் போகும் மோட்டார் சைக்கிளையும்தான். பிறகு கார் நிறுத்த இடம் தேடி அதே தெருவை மூன்று முறை சுற்றுகிறான். பின் இருக்கையில் அம்மா ஏதோ சொல்ல ஆரம்பித்தால், "கொஞ்சம் இருங்கம்மா, இந்தச் சந்தைத் திரும்பிடறேன்" என்கிறான். சந்து திரும்பியதும் அம்மா சொல்ல வந்ததை மறந்துவிடுகிறார்.

அதனால்தான் சொந்தக் கார் வீட்டில் நிற்கும்போதே, ஓட்டுநரோடு ஒரு வண்டியை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுங்கள் என்கிறேன். ஆடம்பரம் என்று தோன்றலாம். ஆறு பேர் போகும்போது தலைக்கு என்ன விழுகிறது என்று வகுத்துப் பாருங்கள், ஒரு நல்ல கல்யாண மொய்க்குள் அடங்கிவிடும்.

பேசி முடிப்பதற்கு முன் சில விஷயங்கள். கிராப் போன்ற அழைப்பு வண்டிகள் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகத்தான் வசதி. நாள் முழுக்க உடன் இருந்து, பெரியவர் கழிவறை போய் வரும்வரை காத்திருப்பதற்கு மணிக்கணக்கில் பேசிய வண்டிதான் ஒத்துவரும். எட்டு மணி நேரமா, பத்து மணி நேரமா, எந்த நிமிடத்திலிருந்து கணக்கு, தோல் கட்டணமும் பார்க்கிங்கும் யார் செலவு, நேரம் தாண்டினால் மணிக்கு எவ்வளவு என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். முக்கியமாக, ஓட்டுநருக்கு பிஎஸ்வி எனும் பொதுச் சேவை வாகன உரிமம் இருக்கிறதா, வண்டி வாடகைக்கு ஓட அனுமதி பெற்றதா என்று கேளுங்கள். "கெரெத்தா சாப்பு" மலிவாகக் கிடைக்கும். விபத்து நடந்தால் காப்புறுதி கைவிரிக்கலாம் என்பதையும் அந்த மலிவு விலையோடு சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

கிழமையும் முக்கியம். கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. பினாங்கில் சனி, ஞாயிறு. ஆகவே நமக்கு விடுமுறையாகவும் அவர்களுக்கு வேலை நாளாகவும் இருக்கும் வெள்ளிக்கிழமை ஒரு வரம். சுற்றுலாக் கூட்டம் குறைவு. காலை அலுவலக நெரிசலுக்கு மட்டும் வழிவிட்டு ஒன்பது மணிக்கு மேல் கிளம்பினால் போதும்.

நாங்கள் போனதும் ஒரு வெள்ளிக்கிழமைதான். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், பெரியம்மா, பெரியப்பா. பெரியம்மாவுக்கு வயது எழுபத்தெட்டு. தோட்டத்திலேயே பிறந்து, அங்கேயே பால் வெட்டி, தோட்டம் வீடமைப்புக்குப் போன பிறகு இப்போது ஒரு தாமானில் வரிசை வீட்டில் இருக்கிறார். வேன் ஓட்டி வந்தவரும் தோட்டத்துப் பிள்ளைதான் என்பது ஏறி உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் தெரிந்துவிட்டது. எந்த லயம், எந்தத் தண்டல் என்று பெரியம்மா விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

நெடுஞ்சாலையில் ஏறாமல் பழைய சாலையில் போகச் சொன்னோம். திகாம் பத்துவைத் தாண்டினால் மூடா ஆறு. அதன் மேல் மெர்டேக்கா பாலம், சுதந்திரம் கிடைத்த 1957ஆம் ஆண்டின் பெயரைச் சுமந்து நிற்கிறது. பாலத்தின் இந்தப் பக்கம் கெடா, அந்தப் பக்கம் பினாங்கு மாநிலம். ஒரு காலத்தில் இரண்டு பக்கமும் கெடாதான். 1786இல் தீவு பிரான்சிஸ் லைட்டின் கைக்குப் போனது. 1800இல் அக்கரை நிலமும் கம்பெனிக்குப் போனது. அதற்கான குத்தகைப் பணம் கெடாவுக்கு இன்றும் ஆண்டுதோறும் வருகிறது என்றதும் பெரியப்பா, "அப்ப நாமதான் வீட்டுக்காரங்க, அவங்க குடிக்கூலி" என்றார். அன்று முழுக்க அவருக்கு அந்தத் தெம்பு இருந்தது.

பூம்போங் லீமா, கெப்பாலா பத்தாஸ் வழியாகப் பட்டர்வொர்த். இங்கே டிரைவர் அண்ணன் சொன்ன ஒரு யோசனைதான் அந்த நாளையே மாற்றியது. "நீங்க ஃபெரியில ஏறிப் போங்க. நான் பாலத்துல சுத்தி வந்து அந்தப் பக்கம் நிக்கிறேன்." ஃபெரியில் இப்போது கார் ஏற்ற முடியாது. கீழே கார், மேலே ஆட்கள் என்று போன அந்தப் பழைய கப்பல்களின் காலம் 2020 முடிவோடு போயிற்று. 2023 ஆகஸ்ட் முதல் ஓடும் புதிய ஃபெரிகளில் நடந்து வருபவர்களும் மோட்டார் சைக்கிள், சைக்கிள்காரர்களும்தான் ஏறலாம். சொந்தக் காரில் வந்திருந்தால் எங்களில் ஒருவர் கரையில் தங்க வேண்டியிருக்கும். ஒரு சொல் மட்டும்: பினாங்கு சென்ட்ரலில் இறங்கினால் ஃபெரி முகப்பு வரை நடை நீளம். முட்டி வலி உள்ளவர்கள் இருந்தால் முடிந்தவரை பக்கத்தில் இறக்கிவிடச் சொல்லுங்கள்.

கடலில் வைத்துப் பார்க்கும்போது ஜார்ஜ் டவுன் வேறு ஊர். பின்னால் மலை, நடுவில் கொம்தார் கோபுரம், கரையோரம் பழைய வெள்ளைக்காரக் கட்டடங்கள். பெரியம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்பா இப்படித்தான் பாத்திருப்பாரு, இல்ல?" என்றார்.

அவருடைய அப்பா ரஜூலா கப்பலில் வந்தவர். 1926இல் கட்டப்பட்ட கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. ஆயிரக்கணக்கானோர் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தே வந்தார்கள். கெடாவில் இன்று தமிழ்க் குடும்பம் என்று இருப்பவற்றில் எத்தனையோ குடும்பங்களுக்கு இந்த நாட்டின் முதல் காட்சி, பினாங்கின் இந்தக் கடற்கரைதான். அவருடைய அப்பா வந்தது 1937இல். தோட்டத் தொழிலாளர்கள் உதவிப் பயணத்தில் மலாயா வருவதை இந்திய அரசு 1938இல் நிறுத்தியது. ஒரு வருடம் தாமதித்திருந்தால் பெரியம்மா திருச்சிப் பக்கம் எங்கோ பிறந்திருப்பார்.

அக்கரையில் வேன் வந்து சேர இன்னும் பத்து நிமிடம் ஆயிற்று. பிறகு பழைய நகரம். 2008இல் யுனெஸ்கோ மரபுச் சின்னமான பகுதி. தெருக்கள் குறுகல், கார் நிறுத்துவது பெரும்பாடு. ஓட்டுநர் இருப்பதன் அருமை இங்கேதான் தெரியும். வாசலில் இறக்கிவிட்டு அவர் போய்விடுவார், கூப்பிட்டால் அதே வாசலுக்கு வருவார். சுவரோவியங்களைப் பிள்ளைகள் வேனிலிருந்தபடியே பார்த்து, ஒன்றில் மட்டும் இறங்கிப் படம் எடுத்தார்கள். அதற்கு அது போதும்.

நின்று பார்க்க வேண்டியது செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். வெள்ளைத் தூண்களோடு 1818இல் கட்டி முடிக்கப்பட்டது, தென்கிழக்காசியாவின் மிகப் பழைய ஆங்கிலிக்கன் தேவாலயம். சுற்றுலாப் பேச்சில் அதைக் கட்டச் சொன்ன துரைகளின் பெயர்தான் முதலில் வரும். கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு இங்கே கொண்டுவரப்பட்ட கைதிகள். பக்கத்தில் இருக்கும் கார்ன்வாலிஸ் கோட்டையின் செங்கல் மதிலிலும் அவர்கள் உழைப்பு உண்டு. தோட்டங்களுக்கு ஆள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த ஊரில் நம் பக்கத்து ஆட்கள் கல் சுமந்திருக்கிறார்கள். பெரியம்மா ஒரு தூணைத் தொட்டுப் பார்த்தார். "கூலி குடுத்தாங்களா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. ஐம்பது வருடம் கூலி வாங்கியவர் கேட்கும் கேள்வி அது. கைதிகளுக்கு ஏது கூலி என்று டிரைவர் அண்ணன் சொன்னார்.

அங்கிருந்து கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் கூப்பிடு தூரம். தமிழ் முஸ்லிம் வணிகர்களின் தலைவர் நிறுவியது, 1801இல் தொடங்கிய வரலாறு. வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் அந்தச் சாலையில் வண்டி நகராது. ஆகையால் பன்னிரண்டு மணிக்கு முன்னாலேயே அந்தப் பகுதியை முடித்துவிடுவது நல்லது. குவின் ஸ்திரீட்டில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். பெரியம்மா நெய்விளக்குப் போட்டார். வெள்ளிக்கிழமை சைவம் என்பதால் நாசி கண்டார் கிடையாது என்று பிள்ளைகளுக்கு ஏமாற்றம். கண்டார் என்றால் காவடித் தண்டு, அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் தோளில் தண்டு போட்டு ஒரு பக்கம் சோறும் மறு பக்கம் கறியுமாகத் துறைமுகக் கூலிகளுக்கு விற்ற சாப்பாடு அது என்ற கதையை மட்டும் சொல்லி, லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சோற்றில் உட்கார வைத்தோம். டிரைவர் அண்ணனையும் எங்கள் மேசைக்கே அழைத்தோம். அவர் தனியாக உட்காருவதாகச் சொன்னதைப் பெரியம்மா காதில் வாங்கவே இல்லை.

பினாங்கு மலை? 1923 முதல் ஓடும் மலை ரயில், உச்சியில் முருகன் கோயில், கீழே தெரியும் இரண்டு பாலங்கள், எல்லாம் அருமைதான். ஆனால் மலை ஒன்றே அரை நாளைத் தின்றுவிடும். அதற்குத் தனியாக ஒரு நாள் வாருங்கள். ஒரே நாளில் மலை, கேக் லோக் சி, பத்து ஃபெரிங்கி, பட்டாம்பூச்சிப் பண்ணை என்று அடுக்கித் தரும் பட்டியல்களைப் பார்க்கும்போது எனக்கு மூச்சு வாங்குகிறது. தண்ணீர்மலையை மட்டும் கீழே வண்டியை நிறுத்திப் பார்த்தோம். ஐந்நூற்றுச் சொச்சம் படி. பெரியப்பா ஒரு காலத்தில் காவடியோடு ஏறியவர். இப்போது வேனின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே கும்பிட்டார்.

கடைசியாகப் பார்க்க நினைத்த இடத்தை எந்தப் பட்டியலும் சொல்லாது. பாலத்தைத் தாண்டித் தெற்கே போனால் குவின்ஸ்பே கடற்கரை. பெரிய பேரங்காடி, வரிசையாக நடைபாதை, எதிரே கடலுக்குள் காடு மூடிய ஒரு தீவு. அதுதான் ஜெரெஜாக். அங்கே ஒரு காலத்தில் தொழுநோயாளர் குடியிருப்பு, பின்னால் காசநோய் மருத்துவமனை, 1969 முதல் 1993 வரை சிறை. இவற்றோடு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கப்பலில் வந்த கூலிகளை நோய்க்குப் பயந்து தனிமைப்படுத்தி வைத்த முகாமும் அங்கேதான் இருந்தது.

பெரியம்மாவுக்குத் தீவின் பெயர் தெரியாது. "அப்பா, தீவுல வச்சிருந்தாங்கன்னுதான் சொல்லுவாரு. எந்தத் தீவுன்னு நான் கேட்டதில்ல" என்றார். பேரங்காடிக்குப் போகலாம் என்று இழுத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அதைக் கேட்டு நின்றுவிட்டார்கள். அடுத்த அரை மணி நேரம் அவர் பேசினார். துணியையெல்லாம் வாங்கி ஆவியில் வைத்தார்களாம். ஊரிலிருந்து அம்மா கட்டிக்கொடுத்த எள்ளுருண்டை மூட்டையைக் கடலில் வீசச் சொன்னார்களாம். முகாமில் பழக்கமான ஒரு கள்ளக்குறிச்சிக்காரர் கடைசிவரை "கப்பல் சகோதரர்" என்று சொந்தம் கொண்டாடினாராம். என் அம்மா உயிரோடு இருந்தவரை இதில் ஒன்றுகூட எங்கள் வீட்டில் பேசப்பட்டதில்லை. மகள் அத்தனையையும் கைப்பேசியில் பதிவு செய்தாள். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு பாலத்து நெரிசலுக்கு முன் கிளம்பியாக வேண்டுமே என்று கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த அரை மணி நேரம் கிடைத்திருக்காது.

திரும்பும்போது பழைய பாலம். 1985இல் திறந்தது, 13.5 கிலோமீட்டர். அக்கரைக்குத் திரும்பும் திசையில் தோல் கிடையாது. ஜெரெஜாக் வலது பக்கம் தெரியும் என்பதால் பெரியவர்களை வலது சன்னலோரம் உட்கார வையுங்கள். பாலத்தில் வண்டியை நிறுத்த முடியாது. டிரைவர் அண்ணன் இடது தடத்தில், முடிந்தவரை மெதுவாகப் போனார். தெற்கே தூரத்தில், நம் கெடா சுல்தான் அப்துல் ஹலிம் பெயரில் 2014இல் திறந்த இரண்டாவது பாலம் ஒரு கோடாகத் தெரிந்தது.

பத்து மணி நேரம் பேசியது, பதினொன்றாகிவிட்டது. கூடுதல் மணிக்குரிய பணத்தைக் கொடுத்தபோது டிரைவர் அண்ணன் மறுக்கவில்லை, நாங்களும் பேரம் பேசவில்லை. இறங்கும்போது பெரியம்மா அவரிடம் கேட்டது ஒன்றுதான். "தம்பி, அந்தத் தீவுக்குப் போட்டு போகுதா?" விசாரித்துச் சொல்வதாக அவர் சொல்லியிருக்கிறார்.