அப்பாவுக்கு அனுமதி இல்லாத கடல்

போன ஞாயிறு வாசிப்பு வட்டம் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். கல்லூரி முதலாமாண்டு படிக்கும் தம்பி ஒருவர் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். கறுப்பு இளைஞர் ஒருவர் அலைமேல் பலகையில் போகிறார். அவசரமே இல்லை. நம் தெருப் பையன்கள் பறையடிக்கு ஆடும்போது தோள் ஒரு மாதிரி தளர்ந்து விழுமே, அப்படி ஒரு தளர்வு. "யாருண்ணே இவரு?" என்று கேட்டார். மைக்கேல் பெப்ரவரி. கேப் டவுனில் 1993-ல் பிறந்தவர். 2018-ல் அலைச்சறுக்கின் உலகச் சாம்பியன் சுற்றுக்குள் நுழைந்த முதல் கறுப்புத் தென்னாப்பிரிக்கர்.

முதலில் அந்தப் பெயரைப் பார்ப்போம். கேப் பகுதிக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களுக்கு எஜமானர்கள் மாதங்களின் பெயரை வைத்தார்கள். பெப்ரவரி, செப்டம்பர் என்று இன்றும் அங்கே குடும்பப் பெயர்கள் உண்டு. டச்சுக்காரர்கள் அந்த அடிமைகளைப் பிடித்துப்போன இடங்களில் நம் சோழமண்டலக் கரையும் ஒன்று. எங்கள் பாட்டன்களின் பெயரைப் பண்ணைக் கணக்கில் எழுதியதும் அவர்கள் அல்லவே! அதனால் அந்தப் பெயர் எங்களுக்கு வேடிக்கையாகத் தெரியவில்லை.

அவருடைய அப்பாவும் அலைச்சறுக்கு ஆடியவர்தான். ஆனால் அது நிறவெறிச் சட்டத்தின் காலம். 1953-ல் கொண்டுவந்த தனி வசதிகள் சட்டம் பேருந்தையும் பூங்கா பெஞ்சையும் பிரித்தது. கடற்கரையையும் பிரித்தார்கள். கேப் டவுனில் மியூசன்பெர்க்கின் நல்ல கரை வெள்ளையருக்கு, 'கலப்பினத்தார்' என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்கு ஸ்ட்ராண்ட்ஃபோன்டெயின். டர்பனில் வெள்ளையருக்கு ஒரு பகுதி, ஆப்பிரிக்கருக்கு ஒரு பகுதி, இந்தியருக்கு ஒரு பகுதி. அந்த இந்தியர்களில் 1860 முதல் கரும்புத் தோட்டத்துக்குப் போன நம் தமிழர்கள் ஏராளம். மணலில் பலகை நட்டுவிடலாம், அலைக்குள் எப்படிக் கோடு போடுவது என்று ஒரு தோழர் கேட்டார். குளத்தில் போட்டார்களே! மகாத்தில் 1927-ல் அண்ணல் அம்பேத்கர் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்ததற்கு என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும்.

வெளிநாட்டுக்காரரையும் அந்தச் சட்டம் விடவில்லை. ஹவாயின் பெரும் வீரர் எடி ஐகாவ் 1970களின் தொடக்கத்தில் டர்பனுக்குப் போட்டியிட வந்தபோது, தோல் நிறம் காரணமாக ஓட்டலில் அறை மறுக்கப்பட்டது. 1985-ல் ஆஸ்திரேலியாவின் டாம் கரோல், அப்போது உலகச் சாம்பியன், தென்னாப்பிரிக்கப் போட்டிகளுக்கு வரமாட்டேன் என்று அறிவித்தார். புள்ளிகள் போனாலும் போகட்டும் என்றார். 1989 ஆகஸ்டில் டெஸ்மண்ட் டுட்டுவோடு மக்கள் வெள்ளையர் கடற்கரைக்குள்ளேயே இறங்கிப் போனார்கள். போலீஸ் விரட்டியது. அந்த நவம்பரிலேயே கடற்கரைகள் எல்லோருக்கும் திறக்கப்பட்டன, மறு ஆண்டு சட்டமும் போனது. மைக்கேல் பிறந்தது அதற்கு மூன்று ஆண்டு கழித்து.

கோமெட்டி என்ற கடலோர ஊரில், குளிர்ந்த அட்லாண்டிக் அலைகளில் அவர் வளர்ந்தார். பிறகு தகுதிச்சுற்று. இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'திறமை இருந்தால் போதும்' என்று நம்மிடம் சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை. அப்போது ஒருவர் ஆண்டு முழுக்க நாடு நாடாகப் போய்ப் போட்டியிட்டு, அவற்றில் சிறந்த ஐந்து முடிவுகளின் புள்ளியை வைத்துத் தரவரிசை போட்டார்கள். முதல் பத்துப் பேருக்கு மேல்சுற்றில் இடம். கேப் டவுனிலிருந்து ஆஸ்திரேலியா, பிரேசில், ஹவாய் என்று விமானச் செலவு, பலகைகளுக்குத் தனிக் கட்டணம். போய் இறங்கினால் அரை மணி நேரத்தில் தோற்று அடுத்த விமானம் ஏற வேண்டியிருக்கும். ஒவ்வோர் அலைக்கும் பத்துக்கு மதிப்பெண். ஐந்து நடுவர்கள், கூடியதும் குறைந்ததும் நீக்கி சராசரி. ஒருவரின் சிறந்த இரண்டு அலைகளின் கூட்டுத்தொகைதான் முடிவு. அந்த அரை மணியில் கடல் அலை அனுப்பாவிட்டால் உங்கள் திறமை கரையிலேயே நிற்கும். இதைத் தாண்டித்தான் அவர் 34 பேர் கொண்ட அணிக்குள் வந்தார்.

"அப்புறம் சாம்பியன் ஆனாரா?" தம்பி கேட்டார்.

ஆகவில்லை. ஒரே ஆண்டு. முதல் 22 பேருக்குள் வர முடியாமல் 2018 முடிவில் இடத்தை இழந்தார்.

தம்பியின் முகம் வாடியது. அந்த வாட்டம் எங்களைக் குற்றவாளியாக்கியது, ஏனென்றால் அதே முகத்தை நாங்களும் காட்டியிருக்கிறோம். எங்கள் தெருவிலிருந்து முதன்முதலாக ஒரு பெரிய கல்வி நிறுவனத்துக்குப் போன அண்ணனுக்கு பேனர் வைத்தோம், மாலை போட்டோம். இரண்டாம் ஆண்டில் அவர் படிப்பை விட்டுத் திரும்பி வந்தபோது பஸ் ஸ்டாண்டுக்கு ஒருவரும் போகவில்லை. அங்கே அவருக்கு என்ன நடந்தது என்று கேட்கவே எங்களுக்கு மூன்று வருடம் ஆனது. 'முதல் ஆள்' என்று ஒருவர் தலையில் தெருவையே ஏற்றிவிடுகிறோம். மேல்சாதிப் பையன் தோற்றால் அவன் மட்டும் தோற்கிறான், அவ்வளவுதான்.

பெப்ரவரி கடலை விடவில்லை. போட்டியை விட்டுவிட்டு ஆப்பிரிக்கக் கரைகளில் ஆடி, படங்கள் எடுத்தார். இன்று உலகம் முழுக்க அலைச்சறுக்குக்காரர்கள் அவர் ஆடும் அழகைப் பார்க்கிறார்கள். தம்பி காட்டியதும் அப்படி ஒரு காட்சிதான். அதில் நடுவர் இல்லை, மணி இல்லை. அவர் சும்மா சந்தோஷமாக இருக்கிறார். எங்களுக்கு அதைப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. சந்தோஷமாக இருப்பதற்கும் ஏதாவது காரணம் காட்டிப் பழகியவர்கள் நாங்கள்.

பேச்சு நீச்சலுக்குத் திரும்பியது. அங்கே நின்ற ஏழு பேரில் இரண்டு பேருக்குத்தான் நீந்தத் தெரியும். ஊர்க் குளத்தில் எங்களை இறங்க விட்டதில்லை. அப்பாக்கள் மதகு வாய்க்காலில் இடுப்பளவுத் தண்ணீரில் குளித்தவர்கள், அவர்கள் எங்கே கற்றுத்தருவது? அடுத்த ஞாயிறு வாசிப்பு கிடையாது. தோழர் ஒருவரின் மாமா நிலத்தில் பம்புசெட் கிணறு இருக்கிறது. காலை ஏழு மணிக்கு வாருங்கள். பெண் தோழர்களும்தான். இடுப்பில் கட்ட காலி கேன்களை நாங்கள் கொண்டுவருகிறோம், மாற்றுத்துணி மட்டும் எடுத்துவந்தால் போதும்.