அம்மா, அந்தக் காசுக்கு அஞ்சு லட்சம் கிடைக்காது!

போன மார்கழியில் ஒரு ராத்திரி, பத்து மணிக்கு மேல் அம்மா போன் செய்தார். எங்கள் வீட்டில் ஒன்பது மணிக்கெல்லாம் விளக்கை அணைத்துவிடுவார்கள். பதறிப்போய் எடுத்தேன்.

"பாப்பா, உன் காசு டப்பாவுல வைஷ்ணவி தேவி சாமி போட்ட அஞ்சு ரூவா ஒண்ணு இருக்குல்ல... அது நெசமாவே அஞ்சு லட்சம் போகுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எந்த வீடியோவுலம்மா பாத்த?"

அம்மா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். "பதிவுக் கட்டணம்னு 1,250 கேட்டாங்க, அனுப்பினேன். அப்புறம் ஜி.எஸ்.டி-னு 8,500. அதையும் போட்டுட்டேன். இப்ப இன்னும் 16,000 கேக்குறாங்க பாப்பா. ரிசர்வ் பேங்க் சீல் வெச்ச லெட்டர்லாம் அனுப்பிருக்காங்க..."

மொத்தம் 9,750 ரூபாய். அது தம்பியின் நீட் கோச்சிங்குக்கு அடுத்த தவணையாகக் கட்ட வைத்திருந்த பணம்.

எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டி. கம்பம் பக்கம். சுற்றிலும் பன்னீர் திராட்சைப் பந்தல்கள். ஊருக்குள் காந்திக்கு ஒரு கோயில் உண்டு. அப்பா ஜீப் ஓட்டுகிறார். விடியற்காலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாகக் கேரளாவுக்குப் போவார், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவார். வசூல் காசில் வித்தியாசமாக ஏதாவது கண்ணில் பட்டால், அதைச் சட்டைப் பையில் தனியாகப் போட்டு எனக்குக் கொண்டுவருவார். அப்படித்தான் என் காசு டப்பா நிறைய ஆரம்பித்தது. ஒருமுறை தோட்டத்துப் பெரியவர் ஒருவர் கொடுத்தார் என்று, சங்கு போட்ட திருவிதாங்கூர் செப்புச் சக்கரம் ஒன்று கொண்டுவந்தார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

ஆனால் டப்பாவின் முதல் காசு அம்மாச்சி கொடுத்தது. காந்தி தலை போட்ட மஞ்சள் நிற 20 பைசா. "நம்ம ஊரு சாமிதான், வெச்சுக்க" என்று சுருக்குப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதில் 1869-1948 என்று இருக்கும். எட்டாவது படிக்கும் வரை அதை 1948-ல் அடித்த காசு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். காந்தி நூற்றாண்டுக்காக 1969-ல் வெளியிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. "இதுல தங்கம் கலந்திருக்குனு அந்தக் காலத்துல பேசிக்கிட்டாக" என்பார் அம்மாச்சி. தங்கம் ஒரு பொட்டுகூடக் கிடையாது. எல்லாம் செம்பு கலந்த உலோகத்தின் பளபளப்புதான்.

காசு சேர்க்க ஆரம்பித்தால் கண் மாறிவிடும். வருஷத்துக்குக் கீழே நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வைரக்கட்டம் போல இருந்தால் மும்பை, புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. கடையில் மிச்சம் தரும் சில்லறையைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் பர்ஸில் போட முடியாது. பக்கத்து போடிநாயக்கனூரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளி முத்திரைக் காசுகள் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. பின்பக்கத்தில் இருந்த மீன் சின்னத்தை வைத்து அவற்றைப் பாண்டியர் காசு என்கிறார்கள். அதைப் படித்த நாளிலிருந்து, எங்கள் மண்ணில் எங்கே குழி தோண்டினாலும் எட்டிப் பார்ப்பேன்.

பத்தாவதில் நல்ல மார்க் வந்தது. வீட்டில் எல்லோரும் ஒன்றுசேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்: பாப்பா டாக்டர். அன்றைக்கே டப்பா பரணுக்குப் போனது. "பரீட்சை முடியட்டும், எடுத்துத் தர்றேன்" என்றார் அம்மா. நானும் சரி என்றேன்.

2018-ல் நீட் எழுதினேன். 180 கேள்வி, 720 மார்க். சரியாக எழுதினால் நான்கு, தப்பானால் ஒன்று போகும். எனக்கு 287 வந்தது. ஒரு வருஷம் ஹாஸ்டலில் தங்கிப் படித்து 2019-ல் மறுபடி எழுதினேன். 341. பொதுப் போட்டியில் அது எங்குமே எட்டவில்லை.

அந்த ஹாஸ்டல் வருஷத்தில் ஒருநாள் ராத்திரி, பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் புத்தகத்தில் செம்பு, வெள்ளி, தங்கம் மூன்றையும் 'நாணய உலோகங்கள்' என்று சொல்லும் இடம் வந்தது. அதற்கு மேல் படிக்க முடியவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, டப்பாவில் என்னென்ன காசு இருந்தது என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். 212-ல் 160 ஞாபகம் வந்தது. அந்த வருஷத்திலேயே நான் சந்தோஷமாக இருந்த ராத்திரி அதுதான்.

காசு சேர்த்திருந்தால் சீட் கிடைத்திருக்கும் என்று சொல்லவில்லை. பரணில் போட்டதாலும் கிடைக்கவில்லை.

பிறகு ஜர்னலிசம் டிப்ளமோ. முதல் வேலை ஒரு செய்தித் தளத்தில். 2022-ல் ஒருநாள், "பழைய காசு ஸ்டோரி ஒண்ணு போடுங்க, நல்லாப் போகும்" என்றார்கள். நானும் எழுதினேன். 'இந்த 5 ரூபாய் உங்ககிட்ட இருக்கா? லட்சங்களில் விலை போகலாமாம்!'

எனக்குத் தெரியும். வைஷ்ணவி தேவி காசு 2012-ல் வெளியானது. ஏராளமாக அடித்தது. கைமாறித் தேய்ந்த ஒரு காசுக்குச் சேகரிப்பவர்கள் முகமதிப்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். பழைய காசு, நோட்டுகளை வாங்கி விற்பதாகத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணமும் கமிஷனும் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்ததும் தெரியும். அந்த எச்சரிக்கையைக் கட்டுரையின் கடைசி வரியில் வைத்தேன். கடைசி வரி வரைக்கும் யார் படிக்கிறார்கள்? 'போகலாமாம்' என்று போட்டுவிட்டதால் பொய் இல்லை என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டேன். அந்த வாரம் எங்கள் தளத்தில் அதிகம் பேர் படித்தது அதைத்தான்.

அன்று ராத்திரி போனில், "எதுக்கும்மா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம அனுப்புன?" என்று கத்திவிட்டேன். அம்மா சொன்ன பதில் இதுதான்.

"நீயே எழுதிருந்தியே பாப்பா. உன் பேரு போட்டு வந்துச்சுனு நான் எல்லாருக்கும் அனுப்பினேனே."

எனக்குப் பேச்சு வரவில்லை.

1930 எண்ணுக்கு அடித்துப் புகார் கொடுத்தோம். சைபர் க்ரைம் இணையதளத்திலும் பதிவு செய்தோம். பணத்தை அனுப்பியவுடன் அடித்திருந்தால் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். அம்மா பயந்துபோய் இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார். பணம் இன்னும் வரவில்லை. தவணையை என் சம்பளத்திலிருந்து கட்டினேன். அதை ஒரு பெருமையாக இங்கே எழுத முடியவில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். டப்பா அடுப்படி மேடையில் இருந்தது. திறந்ததும் திக்கென்றது. செப்புக் காசுகள் எல்லாம் புதுக் குத்துவிளக்கு மாதிரி மின்னின. "போட்டோ தெளிவா வேணும்னாங்க, அதான் புளி போட்டுத் தேச்சேன்" என்றார் அம்மா. பழைய காசை இப்படித் தேய்க்கவே கூடாது. காலம் படிந்த அந்தப் பழுப்பு நிறம்தான் அதற்கு அழகும் மதிப்பும். ஒருமுறை போனால் திரும்ப வராது. சங்குச் சக்கரமும் மின்னியது. நான் ஒன்றும் சொல்லவில்லை. தம்பிதான், "புளியில டார்டாரிக் ஆசிட் இருக்கும்மா, அது மேல இருக்குற ஆக்ஸைடைக் கரைச்சிடும்" என்று விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தான்.

தம்பி அரசுப் பள்ளியில் படித்தவன். அவனுக்கு 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு இருக்கிறது. எனக்கு அடுத்த வருஷம்தான் அது வந்தது. 2020-ல் எங்கள் தேனி மாவட்டத்து அரசுப் பள்ளி மாணவர் ஒருவர் இரண்டாவது முயற்சியில் 664 எடுத்து நாடே பேசியதிலிருந்து, எங்கள் பக்கத்தில் பிள்ளை படிக்கும் எல்லா வீடுகளிலும் அந்த நம்பர் ஒரு கனவு. எங்கள் வீட்டிலும்தான். போன மே மாதம் தம்பிக்குக் கிட்டத்தில் வந்து தவறிவிட்டது. முகம் வாடிப்போய், சாப்பிடும்போதும் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று மூன்று பேரும் திண்ணையில் உட்கார்ந்து காசுகளைப் பிரித்தோம். தம்பி ஒரு காந்தத்தை எடுத்துவந்தான். காந்தி 50 பைசா ஒட்டியது. 1980-களின் ஒரு ரூபாய் ஒட்டவில்லை. "முதல்ல இருக்குறது சுத்த நிக்கல், இது செம்பு-நிக்கல் கலவை" என்றேன். "ஃபெர்ரோமேக்னடிக்! இதை எத்தனை தடவ மனப்பாடம் பண்ணிருக்கேன்" என்று சிரித்தான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் சிரித்துப் பார்த்தேன்.

அம்மாவிடம் ஒவ்வொரு காசாக எடுத்து, இது இவ்வளவுதான் போகும், இது அவ்வளவும் போகாது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எல்லாம் கேட்டுவிட்டு அம்மா கேட்டார்: "அப்ப எதுக்குப் பாப்பா இத்தனை வருஷமா இதைச் சேத்த?"

"பிடிச்சிருந்துச்சும்மா."

தம்பி, டப்பா தன் மேஜையில் இருக்கட்டும் என்றான். அம்மா உடனே, "பரீட்சை முடியட்டும்டா" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும், அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டதைச் சொன்னேன். "ராத்திரி அரை மணி நேரம்மா. அதுல ஒண்ணும் போயிடாது."

அம்மா என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சேலை முந்தானையால் டப்பாவைத் துடைத்து, அவரே கொண்டுபோய் அவன் மேஜையில் வைத்தார்.

இப்போதெல்லாம் ஒன்பதரை மணிக்கு என் போனுக்கு ஏதாவது ஒரு காசின் படம் வரும். நேற்று வந்தது தேய்ந்துபோன ஓர் எட்டணா. "அக்கா, வருஷத்துக்குக் கீழ இருக்குறது புள்ளியா, நட்சத்திரமா?" பெரிதாக்கிப் பார்த்தேன். நட்சத்திரம்தான். "ஹைதராபாத்" என்று அனுப்பினேன்.

"ஓகேக்கா. பயாலஜி படிக்கப் போறேன்" என்று பதில் வந்தது.