கிளாக்கரையாவின் றிவோல்வர்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் எழுதியபோது, தமிழாசிரியனிடமிருந்து கம்பனையோ வள்ளுவனையோ எதிர்பார்த்திருப்பர். அவ்விருவரைப் பற்றியும் எழுத வல்லார் நம் கல்லூரியிற் பலர் உளர். நான் எழுதப் புகுந்ததோ ஒரு துப்பாக்கியை விற்ற செய்தி. கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிற் பயின்று பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ் பெற்ற நாள்முதல் அட்டன் பகுதித் தோட்டப் பாடசாலைகளிலே இலக்கணம் கற்பித்து வருபவனுக்கும் துப்பாக்கிக்கும் என்ன உறவென்று அன்பர்கள் வினவக்கூடும்.

எங்கள் தோட்டத்திலே பெரிய கிளாக்கராக இருந்து இளைப்பாறிய முதியவர் ஒருவர் உளர். கிளாக்கரையா என்றே யாவரும் அழைப்பர். 1975ஆம் ஆண்டிலே கம்பனித் தோட்டங்களை அரசு பொறுப்பேற்றபோது, தாயகம் திரும்பிய வெள்ளைத்துரை தம் மேசை நாற்காலிகளையும் பீங்கான்களையும் ஏலம் போட்டார். ஒரு றிவோல்வரை மட்டும் ஏலத்தில் வைக்காது, உரிமத்தை முறைப்படி மாற்றுவித்துக் கிளாக்கரையாவின் கையிற் கொடுத்துச் சென்றார். பர்மிங்காம் நகரத்து வெப்லி கம்பனியார் செய்தது. போருக்கன்று, குறிபார்த்துச் சுடும் பந்தயத்துக்கென்றே அமைந்தது. குழலின் நீளம் ஏழரை அங்குலம். குழல் நீண்டால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைத்தூரம் கூடும். தூரம் கூடினால் கண்ணின் பிழை குறையும். இதனை எனக்குப் பாடமாகவே சொல்லித் தந்தவர் கிளாக்கரையா. பின்புறத்துத் தாழை அழுத்திக் குழலைக் கீழே மடக்கினால், உருளையிலுள்ள ஆறு வெற்றுத் தோட்டாக்களும் ஒருங்கே துள்ளி வெளியே விழும். அந்தத் தாழின் ஓசையைக் கேட்கும்போது அவர் முகத்தில் ஒரு சிறுவனின் மகிழ்ச்சி தோன்றும்.

அந்தத் துரைக்கும் முந்திய ஒரு துரை, தோட்டத்துரைமார் றைபிள் படையைச் சேர்ந்தவராம். 1900ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்றுக் கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த படை அது. போவர் யுத்தத்துக்கும், 1915இல் கலிப்பொலிக்கும் இம்மலைகளிலிருந்து ஆள் அனுப்பியது, 1949இல் கலைக்கப்பட்டது. தேயிலைக் கணக்குப் பார்த்த கைகள் ஓய்வு நாளிலே குறி பார்த்துச் சுடப் பழகிய காலம் அது. யானைகளை ஆயிரத்துக்கு மேல் கொன்றாரெனப் பேர்பெற்ற மேஜர் ரோஜர்ஸ் 1845இல் அப்புத்தளையிலே இடி விழுந்து மாண்டதையும், நுவரெலியாவில் அவர் கல்லறை இருப்பதையும் மாணவர்க்கு நான் சொல்வதுண்டு. அது வேட்டை வெறி. காகித வட்டத்தைச் சுடுபவன் வேறு சாதி என்பது கிளாக்கரையாவின் கொள்கை. துரையுடன் ஸ்டோருக்குப் பின்னாலிருந்த மண்மேட்டிலே அவர் சில ஞாயிறுகளில் மட்டுமே சுட்டிருக்கிறார். அதன்பின் தோட்டா கிடைப்பதும் அரிதாயிற்று.

ஆயினும் லயத்துச் சனங்கள் துப்பாக்கியை வேறு கண்கொண்டே பார்ப்பர். 1940 ஜனவரியில் முல்லோயாவிலே வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் சூட்டுக்கு இரையான கோவிந்தனையும், 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்திலே காணி பறிபோவதைத் தடுக்க நின்று உயிரீந்த சிவனு லட்சுமணனையும் மறந்தவர் இங்கில்லை. கொழுந்தெடுத்தே என்னைப் படிப்பித்த என் தாயார், “அந்த வீட்டுல அது இருக்கிற அலமாரிப் பக்கம் போகாதடா” என்று கடைசிவரை சொல்லி வந்தார். நானும் அதனை விருப்போடு தொட்டவனல்லேன்.

2018ஆம் ஆண்டிலே கிளாக்கரையாவின் பேர்த்திக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்தது. தங்குமிடத்துக்கும் புத்தகத்துக்கும் பணம் வேண்டும். அவர் ஓய்வுக்காலக் கையிருப்போ மனைவியாரின் வைத்தியத்திலே கரைந்துவிட்டது. “மாஸ்டர், அதை வித்துருவோம்” என்றார். கண்ணிற் புரை படர்ந்திருந்தமையால், நான் பார்த்துச் சொல்ல, அவர் வாசகம் அமைக்க, பேர்த்தி ஆங்கிலத்தில் எழுதுவதென ஏற்பாடு.

விலைக்குறிப்பு எழுதுவது எளிதென எண்ணியிருந்தேன். கவிதைக்குப் பொழிப்புரை எழுதுவது அதனினும் எளிது! சட்டத்திலும் உருளையிலும் பொறித்த எண்கள் ஒத்திருக்கின்றனவா? உருளையைப் பூட்டி ஆட்டினால் அசைகின்றதா? குழலின் தாழ் தளர்ந்துள்ளதா? நீலப்பூச்சு எங்கெங்கே தேய்ந்தது? உருளையின் பின்புறம் சீவப்பட்டதா? .455 தோட்டா அருகிய பின்னர், அமெரிக்கத் தோட்டாவைப் பொருத்துவதற்காகப் பல வெப்லிகளின் உருளைகளைச் சீவிவிட்டனராம், சீவாததற்கே மதிப்பு. ஒவ்வொரு வினாவுக்கும் நல்விடையே கிடைத்தது. ஈற்றில், “குழலை வெளிச்சத்துப் பக்கம் பிடிச்சுப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கும்” என்றார்.

பார்த்தேன். ஏழு வரிகளும் தெளிவாகத்தான் இருந்தன. ஆனால் வாய்ப்புறத்துக்கு அண்மையிலே, அம்மைத்தழும்புபோல் மூன்று நான்கு குழிகள். பழைய தோட்டாவின் மருந்து விட்டுச் செல்லும் உப்பு, ஈரத்தை ஈர்த்து இரும்பைத் தின்னும். அதனாலன்றோ அவர் ஒவ்வொரு முறையும் கேத்தல் சுடுநீரால் குழலைக் கழுவி எண்ணெய் பூசினார்! நாடு கலங்கிய காலங்களிலே உரிமம் பெற்ற ஆயுதங்களையும் ஒப்படைக்கச் சொன்னபோது, இது ஒரு காவல் நிலையத்திலே பல ஆண்டு கிடந்தது. மலைநாட்டுப் பனிக்கு எண்ணெய் காணாத இரும்பு எம்மாத்திரம்? மீண்டு வந்தபின் அவர் கண் அந்நுட்பத்தைக் காணும் நிலையில் இருக்கவில்லை.

பேர்த்தி பேனாவுடன் காத்திருந்தாள். “கண்ணாடிபோல்” என்ற சொல்லால் வரக்கூடிய பணத்தின் பெறுமதியை நாங்கள் மூவரும் அறிவோம். நான் கண்டதைச் சொன்னேன். கிழவர் நெடுநேரம் பேசவில்லை. நாற்பதாண்டு பிரட்டுக் கணக்கிலே ஓர் அரைநாட்பேர் தவறவிடாதவர். தம் பொருளைப் பற்றித் தாமே அறியாதிருந்தது அவரை வருத்தியிருக்க வேண்டும். பின்பு, “குழிகளை எண்ணி எழுதும்மா, எத்தனை அங்குலம் உள்ளேன்னும் போடு” என்றார்.

முதலில் வந்தவர் அதனைப் படிக்கவேயில்லை. எண்களைப் பாராமல் மும்மடங்கு விலை சொன்னார். கடிதம், உரிமம் ஒன்றும் வேண்டாவென்றார். அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினோம். உரிமமில்லாதவனுக்கு விற்றல் குற்றமென்பது ஒருபுறம். துப்பாக்கியை நோக்காமல் கதவையே நோக்கிக்கொண்டிருந்தவரைக் கிளாக்கரையாவின் மங்கிய கண்ணும் கண்டுகொண்டது. “இவரு குறி பாக்கிற ஆளில்ல, மாஸ்டர்.”

இரண்டாமவர் கொழும்பிலிருந்து வந்த சிங்களக் கனவான், இளைப்பாறிய பல்வைத்தியர், இளமையிலே கைத்துப்பாக்கிப் பந்தயங்களில் ஈடுபட்டவர். எங்கள் குறிப்பை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். தம் தொழிற்கேற்பச் சிறு கண்ணாடியொன்றைக் குழலருகே பிடித்துக் குழிகளை எண்ணினார். நான்கென்று நாங்கள் எழுதியிருக்க, ஐந்தென்றார். கிளாக்கரையா ஐந்தாவதற்கும் விலையிற் குறைக்கலாமென்றார், அவர் மறுத்தார். இருவரும் ஆங்கிலமும் சிங்களமும் கலந்து, சுட்டுவிரலை எவ்விடத்தில் மடக்குவது, மூச்சை எப்போது நிறுத்துவது என மாலைவரை அளவளாவினர். தோட்டா கிடைக்காத ஆயுதத்தைப் பற்றி இத்தனை நேரம் பேச முடியுமென்று நான் எதிர்பார்க்கவில்லை. அமைச்சின் அனுமதி வந்து கைமாற ஏறக்குறைய ஓராண்டாயிற்று. அதுவரை பேர்த்தியின் செலவுக்கு வேண்டியதை அவர் முற்பணமாகவே அனுப்பிவந்தார்.

அப்பெண் இன்று எங்கள் பாடசாலைக்கு அண்மையிலேயே கணிதம் கற்பிக்கின்றாள். 2024 நவம்பரிலே, தற்காப்புக்கென உரிமம் பெற்ற ஆயுதங்களை எல்லாம் மீள ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு பணித்தது. வெப்லியின் உரிமமும் அவ்வகையைச் சேர்ந்ததே. வெலிசறைக் கடற்படை முகாமிலே அதனைக் கொடுத்துப் பற்றுச்சீட்டுப் பெற்ற அன்று மாலையே பல்வைத்தியர் தொலைபேசியில் அழைத்துச் செய்தி சொன்னார். நான் கிளாக்கரையாவிடம் சென்று தெரிவித்தேன். எண்பத்தாறு வயதில் செவியும் மந்தமாகியிருந்தது. இருமுறை சொல்ல வேண்டியிருந்தது.

“குழலுக்கு எண்ணெய் பூசிக் குடுத்தாரான்னு கேட்டீங்களா, மாஸ்டர்?” என்றார்.

கேட்டேன் என்றேன். பூசித்தான் கொடுத்திருக்கிறார்.