மாட்ட விட்டுட்டு எப்புடிப் போறது?

பெரகல சந்தியில் இறங்கி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வரும் ஏ4 வீதி இங்கிருந்து கொஸ்லாந்தை, வெல்லவாய பக்கமாகச் சரிந்து போகிறது. ஹப்புத்தளை, பண்டாரவளை தாண்டி ஹாலிஎல வரை போகும் ஏ16 இங்கேதான் பிரிந்து மேலே ஏறுகிறது. இரண்டு வீதிகளுக்கும் மேலும் கீழுமாகத் தேயிலை மலைகள். மலைகளின் மடிப்புகளில் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாமல் பிடித்துக்கொண்டால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிவிப்பு வந்துவிடும். இருபத்துநாலு மணி நேரத்தில் 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் மஞ்சள், 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள், 150ஐத் தாண்டினால் சிவப்பு. சிவப்பு என்றால் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

கிராம சேவகர் சொல்லி அனுப்புவார். தோட்டத் தலைவர் டோர்ச் லைட்டும் குடையுமாக லயம் லயமாகக் கதவைத் தட்டுவார். பிள்ளைகளுக்குக் கம்பளியைப் போர்த்தி, அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் ஒரு பையில் சுற்றி, எல்லோரும் பள்ளிக்கூடத்துப் பக்கம் நடக்கத் தொடங்கும்போது ஏதாவது ஒரு இஸ்தோப்பிலிருந்து, வாசல் திண்ணையிலிருந்து, ஒரு கேள்வி வரும்.

“மாட்ட விட்டுட்டு எப்புடிங்க தலைவரே போறது?”

அந்த இரவில் அதற்கு யாரிடமும் பதில் இருக்காது. “உசுரு இருந்தா மாடு வாங்கிக்கலாம், வாங்க” என்று தலைவர் சொல்வார். சரியான பேச்சுதான். ஆனால் கேட்டவருக்கு அது ஆறுதல் இல்லை. அவரை அங்கே நிறுத்தி வைப்பது என்ன என்பதை யாராவது முன்கூட்டியே உட்கார்ந்து யோசித்திருந்தால், அந்த நேரத்தில் அந்தக் கேள்விக்கே வேலை இருந்திருக்காது.

மலையகத் தமிழர் இந்த மலைகளுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை 2023இல் நினைவுகூர்ந்தோம். இத்தனை தலைமுறை கடந்தும் லயத்துக் காம்பரா பெரும்பாலானவர்களுக்குச் சொந்தமில்லை. அது நிற்கும் நிலமும் சொந்தமில்லை. அவர்கள் கொழுந்து பறிக்கும் செடியும் சொந்தமில்லை. காம்பராவுக்குப் பின்னால் தகரம் போட்ட பட்டியில் நிற்கும் பசு மட்டும் முழுக்க முழுக்க அவர்களுடையது. அந்தப் பசுவின் பால் காசில்தான் கடைக்கணக்கு தீர்கிறது. மகளுக்குச் சடங்கு, மகனுக்கு உயர்தரப் பரீட்சை வகுப்பு, திடீரென்று ஒரு ஆஸ்பத்திரிச் செலவு என்று வந்தால் ஒரு கிடா ஆடு விலையாகும். உத்தியோகபூர்வப் பேச்சில் இதற்குக் ‘கால்நடை’ என்று ஒரு பெயர் உண்டு. லயத்தில் அதுவே சேமிப்பு, அதுவே காப்புறுதி. மண்சரிவு வரும், வராமலும் போகும். பசு போனால் நாளைக்குப் பாலும் இல்லை, காசும் இல்லை என்பது நிச்சயம். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் அந்த மனிதர் இஸ்தோப்பில் நிற்கிறார். அவரைப் பிடிவாதக்காரர் என்று சொல்வது நியாயமே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது, கறக்காமல் விட முடியாது. கறவைப் பசுவின் மடி காலையும் மாலையும் காலியாக வேண்டும். ஒரு நாள் தவறினாலே மடி கல்லாக இறுகும், பசு கத்தும், மடிநோய் பிடிக்கும். அதனால் இரவு பள்ளிக்கூடத்தில் படுத்த பெண் விடியுமுன்னே எழுந்து, யாரிடமும் சொல்லாமல், வாளியோடு லயத்துக்கு இறங்குகிறாள். மாலையில் மறுபடியும் ஒரு தடவை. இரவெல்லாம் பெய்த மழையைக் குடித்து மலை ஊறிப்போயிருக்கும் காலைப்பொழுது அது. முகாமில் பெயர் பதிந்த பட்டியலில் அவள் பத்திரமாக இருப்பாள். ஆள் சரிவுக்குக் கீழே குந்திப் பால் கறந்துகொண்டிருப்பாள்.

கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியதும் காலையில்தான். 2014 அக்டோபர் 29, ஏழரை மணியளவில். லயங்கள் வரிசையோடு புதைந்தன. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள்; திரும்பி வந்தபோது பலருக்குத் தாய் தகப்பனும் இல்லை, வீடு இருந்த இடமும் இல்லை. புதைந்தவர்களில் பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. அந்தச் சரிவு ஆபத்தானது, மக்களை இடம் மாற்றுங்கள் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. அப்போது யார் யாருக்கு என்ன சொன்னார்கள் என்ற வாதம் பல வருடம் நடந்தது. ‘போங்கள்’ என்று சொன்னவர்கள் ‘எங்கே, எதையெல்லாம் கொண்டு’ என்று சொல்லவில்லை என்பது மட்டும் அந்த வாதம் முழுவதிலும் தெரிந்தது. பிழைத்தவர்களில் பல குடும்பங்கள் மாகல்தெனிய தேயிலைத் தொழிற்சாலையில் தங்கவைக்கப்பட்டன; புது வீடு கிடைக்க ஏறக்குறைய இரண்டு வருடம் போனது. ஒரு ராத்திரிக்கு என்று கிளம்புகிறவர்கள் எத்தனை நாள் வெளியே இருக்க நேரும் என்பதற்கு இந்தப் பக்கத்திலேயே அத்தாட்சி இருக்கிறது. அத்தனை நாளும் மாடு எங்கே நிற்கும்?

கடலோரத்தில் காற்றாகவும் அலையாகவும் வரும் புயல் இங்கே மண்ணாக இறங்குகிறது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா அதை நாடு முழுக்கக் காட்டிவிட்டது. அறுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பதுளையும் கண்டியும் நுவரெலியாவும் மிக மோசமாக அடிவாங்கின. சிவப்பு அறிவிப்பு ஒரு தோட்டத்துக்கு, ஒரு கிராமத்துக்கு என்றில்லாமல் பிரதேசம் பிரதேசமாக வந்தது. வீதி அறுந்து, மின்சாரம் போய், போன் செத்துவிட்ட பிறகு மாட்டுக்கு லொறி தேட யாராலும் முடியாது.

பிராணிக்கு வழி சொல்லாமல் மனிதரைக் கிளப்ப முடியாது என்ற பாடத்தை அமெரிக்காகூட அடிபட்டுத்தான் படித்தது. 2005 ஆகஸ்ட் 29இல் கத்ரீனா புயல் நியூ ஓர்லியன்ஸைத் தாக்கியபோது மீட்புப் பேருந்துகளில் நாய் பூனைக்கு இடமில்லை. ஸ்னோபால் என்ற தன் வெள்ளை நாய்க்குட்டியைப் பொலிஸ்காரர் பிடுங்கிக்கொண்டதும் ஒரு சிறுவன் அழுது அழுது வாந்தியெடுத்த செய்தி உலகமெங்கும் போனது. கத்ரீனாவில் வெளியேற மறுத்தவர்களிடம் பிறகு ஃபிரிட்ஸ் நிறுவனம் விசாரித்தபோது, நூற்றுக்கு 44 பேர் வளர்ப்புப் பிராணியை விட்டுவரும் மனமில்லாததையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். 2006 அக்டோபரில் அங்கே சட்டமே வந்தது: மத்திய அரசின் அனர்த்த உதவி வேண்டுமென்றால் மாநிலங்கள் தங்கள் வெளியேற்றத் திட்டத்தில் பிராணிகளுக்கும் வழி சொல்ல வேண்டும்.

ஜப்பானில் 2011இல் ஃபுகுஷிமா அணு உலையைச் சுற்றி 20 கிலோமீட்டருக்கு ஆட்களை வெளியேற்றினார்கள். ஓரிரு நாளில் திரும்பலாம் என்று எண்ணிக் கட்டிவிட்டுப் போன மாடுகள் கட்டுத்தறியிலேயே பட்டினி கிடந்து செத்தன. வளர்ப்புப் பிராணியைக் கூட்டிக்கொண்டே வெளியேறுங்கள் என்று அந்நாட்டுச் சுற்றாடல் அமைச்சு 2013இல் வழிகாட்டி வெளியிட்டது.

ஆனால் பெரகலைக்கு மிக நெருக்கமான உதாரணம் பங்களாதேசம். 1970 புயலில் லட்சக்கணக்கானோர் மாண்ட பிறகு அங்கே கரையோரக் கிராமங்களில் ‘கில்லா’ என்ற உயரமான மண்மேடுகளை எழுப்பினார்கள். வெள்ளம் வரும்போது மாட்டை ஓட்டிக்கொண்டு ஏறுவதற்கான மேடு அது. மாட்டுக்கு ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்தால் மனிதர்கள் கிளம்புவார்கள் என்பதை வறுமைப்பட்ட ஒரு நாடு ஐம்பது வருடத்துக்கு முன்பே விளங்கிக்கொண்டது. நமக்கு மேடு கட்டும் செலவில்லை. சரிவு இல்லாத, ஓடை குறுக்கிடாத, பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு துண்டு நிலம் போதும். எந்த இடம் பாதுகாப்பானது என்று சொல்லும் வரைபடங்கள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் இருக்கின்றன. அந்த நிலத்தை ஒதுக்கித் தர வேண்டியது தோட்ட நிர்வாகம். அதற்கு மேல் ஒரு தகரக் கூரை, ஒரு தண்ணீர்த் தாங்கி, வரிசையாகக் கம்பங்கள்.

மற்றதெல்லாம் லயத்து மக்களுக்கே கைவந்தவை. மழையில் ஊறி இறுகிய நைலோன் கயிற்று முடிச்சை இருட்டில் விறைத்த விரலால் அவிழ்க்க முடியாது. மழைக்காலம் முடியும் வரை ஒரே இழுப்பில் கழன்று வரும் முடிச்சாகப் போட்டு, பட்டி வாசலில் ஒரு கத்தியைச் செருகி வைக்க வேண்டும். வழுக்கும் படிக்கட்டில் பசு இறங்க மறுத்தால் அடித்துப் பயனில்லை. கன்றைத் தூக்கிக்கொண்டு ஒருவர் முன்னே நடந்தால் தாய் தானாகப் பின்னால் வரும். ஆடுகளில் மூத்த பெட்டையைப் பிடித்து நடத்தினால் மற்றவை தொடரும். செம்மஞ்சள் அறிவிப்பு வந்தவுடனே, பகல் வெளிச்சத்திலேயே, மாடுகளை மேலே ஓட்டிவிட வேண்டும். சிவப்பு வரும்வரை காத்திருந்தால் மனிதர்களை நகர்த்தவே நேரம் போதாது. கொண்டுபோகவே முடியாமல் போனால், கட்டை அறுத்துவிட்டுப் போவதே அந்த ஜீவனுக்குச் செய்யும் கடைசி உபகாரம். கயிற்றில் நிற்கும் மாட்டுக்கு ஓட வழியில்லை.

மாடு முன்கூட்டியே மோப்பம் பிடித்துவிடும், அது கத்தும்போது கிளம்பலாம் என்று சில பெரியவர்கள் நம்புகிறார்கள். எட்னா எரிமலைச் சரிவில் மேயும் ஆடுகளுக்குக் கருவி பூட்டி மார்ட்டின் விகெல்ஸ்கி என்ற விஞ்ஞானி இதையே ஆராய்ந்து வந்திருக்கிறார். சுவாரசியமான ஆராய்ச்சி. என்றாலும் அதை நம்பிப் படுத்திருக்க வேண்டாம். நிலத்தில் புது வெடிப்பு, திடீரென்று கலங்கி வரும் ஊற்று, சாயும் மரம், இறுகி மூட மறுக்கும் கதவு — இவற்றை மனிதக் கண்ணே பார்த்துவிடும்.

நாயின் கதை வேறு. லயத்து நாய்க்குப் பெரும்பாலும் ஒரு வீடு என்று கிடையாது. ஒரு காம்பராவில் சோறு, இன்னொரு காம்பராவின் இஸ்தோப்பில் படுக்கை, பிள்ளைகள் எல்லோரோடும் பள்ளிக்கூடம் வரை ஊர்வலம். எல்லோருக்கும் சொந்தம் என்பதாலேயே அனர்த்த வேளையில் யாருக்கும் பொறுப்பில்லாமல் போகிறது. முகாமில் அதை உள்ளே விடுவதா என்று தகராறு வரும். கைக்குழந்தைக்காரிகளும் நாய் என்றால் பயப்படுகிறவர்களும் இருக்கும் வகுப்பறையில் அந்தத் தகராறு நியாயமானதே. தீர்வு பள்ளிக்கூடத்துச் சைக்கிள் கொட்டிலிலோ பின்பக்கத் தாழ்வாரத்திலோ இருக்கிறது. ஒரு சங்கிலி, விசர்நாய்க்கடித் தடுப்பூசி போட்ட அட்டை, கழுத்துப் பட்டியில் மையால் எழுதிய ஒரு தொலைபேசி எண். தடுப்பூசியை அரசாங்கமே இலவசமாகப் போடுகிறது. அட்டையை எறிந்துவிடாமல் வைத்திருந்தால் சரி. பூனை என்றால் சத்தம் கேட்டதும் அடுப்புக்கு மேல் விறகு அடுக்கிய இடத்தில் ஏறி ஒளிந்துகொள்ளும். பிடித்துத் தலையணை உறைக்குள் விட்டு வாயைக் கட்டினால் மூச்சும் முட்டாது, பிறாண்டவும் பிறாண்டாது. உரப்பையில் மட்டும் போடக் கூடாது.

இதையெல்லாம் மழைக்கு முன்னால் செய்தால்தான் பயன். தொண்டை அடைப்பானுக்கு ஊசி போடாத மாடுகளை ஓரிடத்தில் நெருக்கி நிறுத்தினால், மண்சரிவுக்குத் தப்பியவை நோய்க்குப் போகும். எந்த லயத்தில் எத்தனை மாடு, எத்தனை கறவை, எத்தனை கன்று என்ற பட்டியல் கால்நடை வைத்திய அலுவலகத்திலும் கிராம சேவகரிடமும் இருந்தால், முகாமில் இரண்டு பேரைக் கறவைக்கும் காவலுக்கும் முறைபோட்டு விடலாம். பால் வண்டியும் நேரே அங்கே வரலாம். காவலும் அவசியம். வைக்க இடமில்லாத மாட்டை அரைவிலைக்குக் கேட்டு வரும் வியாபாரி எந்த அனர்த்தத்திலும் முதல் நாளே வந்து நிற்பார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் புல். ஒரு பசு நாளொன்றுக்குத் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு பசும்புல் தின்னும். 350 கிலோ பசுவென்றால் 35 கிலோ. பத்துப் பசுக்கள் மூன்று நாள் நின்றால் ஆயிரம் கிலோவுக்கு மேல் வேண்டும். கொட்டும் மழையில், இறங்கக் கூடாத மலையில், இதை அறுத்துச் சுமந்து வர முடியாது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய கோ-3 புல் இலங்கையில் மாடு வளர்ப்பவர்களுக்குப் பழக்கமானது. மாடு நிறுத்த ஒதுக்கும் நிலத்தின் ஓரத்திலேயே சித்திரை மழையோடு அதன் கரணைகளை ஊன்றினால் ஏறக்குறைய எண்பது நாளில் முதல் அறுப்பு எடுக்கலாம். அதன் பிறகு ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவை வெட்டிக்கொண்டே வந்தால், கார்த்திகை பிறக்கும்போது ஆளுயரத்துக்கு நிற்கும்.