உம்மாவின் நாடி



ஃபஜ்ரு தொழுதுவிட்டுத் தஸ்பீஹ் மணியோடு முஸல்லாவிலேயே அமர்ந்திருப்பது என் உம்மாவின் வழக்கம். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் அந்நேரத்திலேயே விசைத்தறிகளின் ஓசை எழுந்துவிடும். இளமையில் தறிக்குத் தார் சுற்றிக் குடும்பத்தைத் தாங்கியவர் அவர். ஓசை சற்றே பிசகினாலும், "எந்தத் தறியோ இடக்கு பண்ணுது" என்பார். அவருடைய உடம்பின் ஓசை பிசகியபோதுதான் நாங்கள் யாரும் கேட்கவில்லை.

சென்ற ரமலானுக்கு இரண்டு மாதங்களுக்கு முன், ருகூவிலிருந்து நிமிரும்போது கண் இருட்டுவதாகச் சொன்னார். வீட்டிலிருந்த இரத்த அழுத்தக் கருவியைக் கையில் கட்டிப் பார்த்தேன். அழுத்தம் சரியாகவே இருந்தது. அதன் கீழே நாடித்துடிப்பு 42 என்று காட்டியது. மறுநாள் 44.

நான் அஞ்சவில்லை, மகிழ்ந்தேன். நல்ல பயிற்சியுள்ள ஓட்ட வீரர்களுக்கு ஓய்வுத் துடிப்பு 40 அளவுக்குக்கூடக் குறைந்திருக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். "உங்களுக்கு ஓட்டக்காரன் இதயம் உம்மா" என்றேன். அருகிலிருந்த மாமா, "வயசாயிட்டுல்லா, எல்லாம் மெதுவாத்தான் ஓடும்" என்றார். உம்மாவும் சிரித்துக்கொண்டார். பதினொரு நாள்கள் அப்படியே கழிந்தன. பன்னிரண்டாம் நாள் ஒளூச் செய்யப் போனவர், தண்ணீர்த் தொட்டியருகே மயங்கி விழுந்தார்.

இ.சி.ஜி. தாளைப் பார்த்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார். இதயத்தின் மேலறையில் எழும் மின்தூண்டல் கீழறைக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. ஆகவே கீழறை தன் போக்கில் மெதுவாகத் துடிக்கிறது. மூளைக்குப் போதிய இரத்தம் ஏறவில்லை. "வயதானவர்களுக்குத் துடிப்பு குறைவது இயல்புதானே?" என்று கேட்டேன். "இல்லை. உங்களுக்கும் உங்கள் உம்மாவுக்கும் ஒரே கணக்குத்தான்" என்றார்.

அன்று கற்றதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன். பிறந்த குழந்தையின் இதயம் நிமிடத்திற்கு நூறுக்கு மேல், 160 வரைகூடத் துடிக்கும். வளர வளர அது குறைந்துகொண்டே வரும். பதின்பருவத்தில் ஏறத்தாழப் பெரியவர்களின் அளவை எட்டிவிடும். அதன்பின் இருபது வயதானாலும் எழுபது வயதானாலும் ஓய்வுத் துடிப்பு 60 முதல் 100 வரை என்பதே பொது அளவு. வயதோடு குறைவது வேறொன்று: கடும் உழைப்பின்போது இதயம் எட்டக்கூடிய உச்சவேகம். 220இலிருந்து வயதைக் கழித்தால் அந்த உச்சம் தோராயமாகக் கிடைக்கும். மாமா இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். நானோ உம்மாவை ஓட்ட வீரராக்கிவிட்டேன்.

எண் மட்டும் எதையும் சொல்லிவிடாது. 52 துடிப்போடு நலமாக நடமாடுபவர் உண்டு. இரத்த அழுத்தத்திற்கு உண்ணும் சில மாத்திரைகளும் துடிப்பைக் குறைக்கும். காய்ச்சல், இரத்தசோகை, தைராய்டு மிகுதி, நோன்பில் நீர் குறைதல், மனக்கலக்கம் ஆகியவை அதைக் கூட்டும். ஆனால் குறைந்த துடிப்போடு தலைசுற்றல், மயக்கம், மூச்சிரைப்பு சேர்ந்தால் தாமதிக்கக் கூடாது. ஓய்விலும் நூறுக்கு மேல் நீடித்தாலும், தாளம் தப்பித் துடித்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எண்ணிப் பார்ப்பது எளிது. ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்த பின், மணிக்கட்டில் கட்டைவிரலின் அடிப்பக்கமாக இரு விரல்களை மெல்ல வைத்து, ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். கட்டைவிரலால் பார்க்க வேண்டாம். அதன் துடிப்பே குழப்பிவிடும். தேநீர் குடித்த உடனேயோ மாடியேறி வந்த உடனேயோ எண்ணுவதும் சரியாகாது.

திருநெல்வேலிக்கு அழைத்துச் சென்றோம். உம்மாவின் இடத் தோளெலும்புக்குக் கீழே பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். சில வாரங்கள் இடக்கையைத் தோளுக்கு மேல் உயர்த்தக் கூடாது என்றார்கள். "ஒத்தக் கையால தக்பீர் கட்டுனா அல்லாஹ் ஏத்துக்குவானா?" என்பதுதான் அவருடைய ஒரே கவலை. இயலாமைக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை ஹஜ்ரத் எடுத்துச் சொன்ன பிறகே முகம் தெளிந்தது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். 1037இல் மறைந்த இப்னு சீனா, தம் 'அல் கானூன்' நூலில் நாடியைப் பற்றித் தனியே விரித்து எழுதினார். அத்தகைய மரபில் வந்த நான், கண்ணெதிரே தெரிந்த எண்ணைப் புகழுரையாக்கிப் பதினொரு நாள்களை வீணாக்கினேன். அல்லாஹ் காப்பாற்றினான், அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் ஃபஜ்ருக்குப் பின் உம்மாவின் கையைப் பற்றி ஒரு நிமிடம் எண்ணுகிறேன். அவர் மறுகையில் தஸ்பீஹை உருட்டிக்கொண்டிருப்பார். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கையையும் இந்த வாரம் பற்றிப் பாருங்கள். அவர்கள் அனைவருக்கும் அல்லாஹ் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.